ஆளுக்கேற்ற பயிற்சி: ரெக்ரூட் ஸ்குவாட் எடுக்கப்போகும் உஸ்தாதுக்கு

யூனிட்டிலிருந்து, புதிதாகச் சேரும் ரெக்ரூட்களைப் பழக்கும் ரெஜிமென்டல் சென்டருக்கு உஸ்தாதாக, அதாவது பயிற்றுநராக, போஸ்டிங் வந்ததும் உங்கள் கையில் முதலில் கொடுப்பது டிரெயினிங் புரோகிராம். எந்த வாரம், எந்த நாள், எந்தப் பீரியடில் என்ன பாடம் என்று எல்லாம் அதில் இருக்கும். யாருக்கு என்பது மட்டும் இருக்காது. எதிரே முப்பது, முப்பத்தைந்து பையன்கள் நிற்பார்கள். ஒருவன் பாலிடெக்னிக் முடித்தவன், பக்கத்தில் நிற்பவன் பத்தாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன். ஒருவன் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டிருப்பான், இன்னொருவன் தீபாவளித் துப்பாக்கியைத் தவிர எதையும் தொட்டிருக்க மாட்டான். எல்லாருக்கும் அதே புரோகிராம், அதே 40 நிமிடப் பீரியட்.

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். நடுவில் சில வருடம் எங்கள் சென்டர் இருக்கும் நீலகிரி வெல்லிங்டனில் ரெக்ரூட்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தேன். ஆளுக்கேற்ற பயிற்சி என்று இப்போது எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். பேச்சு தொடங்கிய இரண்டாவது நிமிடத்திலேயே டேப்லெட், செயற்கை நுண்ணறிவு என்று போய்விடுகிறது. சுடும் ரேஞ்சில் ஈர மண்ணில் படுத்துக்கிடக்கும் பையனுக்கு அதனால் என்ன பயன் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்லப்போவது ஒரு உஸ்தாத், ஒரு நோட்டு, ஏற்கெனவே இருக்கிற பீரியட்கள் ஆகியவற்றை மட்டும் வைத்துச் செய்யக்கூடியது.

இதற்கு இப்போது ஏன் இத்தனை அவசரம் என்றால், நேரம் குறைந்துவிட்டது. 2022 ஜூன் 14 அன்று, ராணுவத்துக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பயிற்சியையும் சேர்த்து நான்கே வருட சர்வீஸ், முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். முன்பு பின்தங்கிய பையன் எட்டாவது மாதத்தில் மெதுவாகச் சேர்ந்துகொள்வான். இப்போது அவனுக்கு எட்டாவது மாதம் யூனிட்டில்தான் வரும். சராசரிப் பையனை வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவன் வந்து சேர நாளே இருக்காது.

எதைத் தொடக்கூடாது

ஆளுக்கேற்ற பயிற்சி என்று சொன்னவுடன் பழைய உஸ்தாத்கள் முகம் சுளிப்பது இங்கேதான். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

டிரில் எல்லாருக்கும் ஒன்று. ரேஞ்ச் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒன்று. ஆயுதத்தைக் காலி செய்து காட்டுவதில் ‘இவன் வேகமாகக் கற்றுக்கொண்டான், இவனுக்கு வேண்டாம்’ என்ற பேச்சே கிடையாது. எழுந்திருக்கும் நேரம், பாரக் சுத்தம், லங்கரில் சாப்பாடு, எல்லாம் ஒன்று. முக்கியமாக, பாஸ் மார்க் ஒன்று. ஒரு பையன் கஷ்டப்படுகிறான் என்று பரீட்சைத் தரத்தைக் கொஞ்சம் இறக்கினால், அந்தக் கடனை அவன் பக்கத்தில் படுத்துச் சுடப்போகிற வேறொருவன் யூனிட்டில் கட்டுவான்.

மாற்றக்கூடியவை வேறு: ஒரு விஷயத்தை எத்தனை தடவை செய்யவைப்பது, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது, யார் சொல்லிக்கொடுப்பது, எந்த மொழியில் முதலில் புரியவைப்பது, எப்போது சோதிப்பது. இந்த ஐந்தில் விளையாட உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. இதற்காகப் புரோகிராமை மாற்றச் சொல்லி யாரிடமும் மனுப் போட வேண்டாம்.

ஆளைத் தெரிந்துகொள்வது

பையன் சென்டர் கேட்டுக்குள் வரும்போதே அவனைப் பற்றிக் கொஞ்சம் தகவல் கூடவே வருகிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆள்சேர்ப்பு ராலியில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 10 புல்-அப் எடுத்தால் 40 என்பது பல வருடமாக இருந்துவரும் கணக்கு. அந்த மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி ஒரு தடவை பாருங்கள். அப்புறம் அதை ரொம்ப நம்பாதீர்கள். ஊரில் ஒரு வருடம் கோச்சிங் போய் அந்த ஒரே ஓட்டத்துக்காகவே உடம்பைத் தயார் செய்தவர்கள் நிறைய. சமதளம், ஸ்போர்ட்ஸ் ஷூ, அரைக்கால் சட்டை. பூட்ஸ் போட்டு ரைபிளோடு 5 கிலோமீட்டர் ஓடுவது வேறு உலகம்.

வெல்லிங்டன் மாதிரி 6,000 அடி உயரத்தில் இருக்கும் சென்டர் என்றால் இன்னொன்றும் உண்டு. ராமநாதபுரத்திலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வந்த பையன்களுக்கு முதல் இரண்டு வாரம் மூச்சு வாங்கும். அந்த நாளில் எடுத்த நேரத்தை அவன் உண்மையான நேரமாக எழுதிவைத்தால் கணக்கே தப்பு. மூன்றாவது வாரம் திரும்ப ஓடவிட்டு அதை எழுதுங்கள்.

முதல் பத்து நாளில் நான் பார்ப்பவை இவை: 2.4 கிலோமீட்டர் ஓட்டம். எந்தக் கண் மாஸ்டர் கண், அதாவது குறிபார்ப்பதில் முந்தும் கண். இந்தியில் ஒரு சின்ன வேலையைச் சொன்னால் செய்கிறானா. ஒரு பத்தியை எந்த மொழியில் தடங்கலில்லாமல் படிக்கிறான். முன்பு என்ன வேலை பார்த்தான். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டூ-வீலர் மெக்கானிக் கடையில் இருந்தவனுக்கு ஆயுதத்தைப் பிரித்துப் போட ஒரு தடவை காட்டினால் போதும். அவனை அந்தப் பீரியடில் உங்கள் உதவியாளாக வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்டர் கண்ணைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். இரண்டு கையையும் முன்னே நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்து மின்கம்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுதான் மாஸ்டர் கண். வலது கைக்காரன், இடது மாஸ்டர் கண் என்று ஒவ்வொரு ஸ்குவாடிலும் சிலர் இருப்பார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் பையன் மூன்று மாதம் ‘கவனம் போதாது’ என்று திட்டு வாங்கிக்கொண்டே இருப்பான்.

நோட்டு

ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு தாள். ஒரு பக்கத்தில் மேலே சொன்ன ஆரம்ப விவரம். மீதிப் பக்கங்களில் தேதி, என்ன பார்த்தேன், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று மூன்று பத்தி. ‘சுடுவதில் வீக்’ என்று எழுதினால் அது திட்டு, குறிப்பு இல்லை. ‘மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொள்கிறான், பாதி விட்டு நிறுத்தப் பழக்கவேண்டும்’ என்று எழுதினால் நாளைக்கு உங்களுக்கு வேலை தெரியும்.

தினம் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களை மட்டும் உற்றுப் பாருங்கள். ஆறு நாளில் முப்பது பேர் ஆகிவிடும். இப்படி முறை வைத்துக்கொள்ளாவிட்டால் மிக மோசமான நான்கு பேரும் மிகச் சிறந்த இரண்டு பேரும்தான் உங்கள் கண்ணில் படுவார்கள். நடுவில் இருக்கும் இருபது பேர் பயிற்சி முடிவில் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் வரைக்கும் பெயர் தெரியாமலேயே போய்விடுவார்கள். என் அனுபவத்தில் ஆளுக்கேற்ற பயிற்சியால் அதிகம் பயனடைவது அந்த நடுப்பையன்கள்தான்.

இப்போது இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான விஷயம். இந்த நோட்டு மதிப்பெண் ரிஜிஸ்டர் ஆகிவிடக்கூடாது. நான்கு வருடம் கழித்து நாலில் ஒருவனுக்குத்தான் இடம் என்று தெரிந்த பையன், தன் பலவீனத்தை யாரிடமும் காட்டமாட்டான். கால் வலிக்கிறது என்று சொல்லமாட்டான், பாடம் புரியவில்லை என்று சொல்லமாட்டான். அவன் சொல்லாவிட்டால் நீங்கள் எதை வைத்து அவனுக்கேற்ற பயிற்சி கொடுப்பீர்கள்? அதனால் முதல் வாரத்திலேயே ஸ்குவாடை உட்காரவைத்து வெளிப்படையாகச் சொல்லுங்கள்: பரீட்சையில் எடுப்பது ரிஜிஸ்டரில் ஏறும், பயிற்சியில் நடக்கும் தப்பு இந்த நோட்டோடு சரி. சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். யாராவது மேலே இருப்பவர் ‘அந்த நோட்டைக் காட்டு, யாரைத் தள்ளலாம் பார்ப்போம்’ என்று கேட்டால், பரீட்சை ரிசல்ட்டை நீட்டுங்கள். ஒரே ஒரு தடவை நோட்டு அந்த வேலைக்குப் பயன்பட்டால் போதும், மறுநாள் முதல் எல்லாப் பையன்களும் ‘நல்லா இருக்கேன் உஸ்தாத்’ என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம், நோட்டு என்றால் காகித நோட்டு. வாட்ஸ்ஆப் குழுவில் ரெக்ரூட் பெயர், நேரம், படம் என்று போடுவது பாதுகாப்புக்கு ஆகாது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில், சிப்பாய்கள் ஓடிய தடங்களை வைத்தே வெளிநாட்டுப் பாலைவனங்களில் இருந்த ராணுவ முகாம்களின் உருவம் தெரிந்தது. கைக்கடிகாரத்தில் ஓட்ட நேரம் பார்ப்பது தப்பில்லை. அதை எங்கே அனுப்புகிறது என்று பாருங்கள்.

ரேஞ்சில்

ஆளுக்கேற்ற பயிற்சியைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் இங்கே பையனின் தப்பு பேப்பரில் ஓட்டையாக விழுகிறது.

ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து ரவுண்டு சுடும் குரூப்பிங்கை முடித்து டார்கெட் பக்கம் போனதும், பல உஸ்தாத்கள் குரூப் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிவிட்டு சுடவேண்டிய அடுத்த டீட்டெய்லை, அதாவது அடுத்த வரிசை ஆட்களை, கூப்பிட்டுவிடுவார்கள். அளவைவிட வடிவம் முக்கியம். ஐந்து ரவுண்டும் நெருக்கமாக விழுந்து, ஆனால் நடுவை விட்டு ஓரமாக இருந்தால் அந்தப் பையனிடம் தப்பே இல்லை. ரைபிளின் சைட் சரிசெய்யவேண்டும், அவ்வளவுதான். அவனைத் திட்டினால் நன்றாகச் சுடுகிற ஒருவனைக் கெடுக்கிறீர்கள். குரூப் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் முதலில் மூச்சைப் பாருங்கள். இடமும் வலமுமாக நீண்டிருந்தால் ட்ரிகர் விரலையும், கன்னம் ரைபிளின் பின்கட்டையில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படிகிறதா என்பதையும் பாருங்கள். நாலாபக்கமும் சிதறியிருந்தால் பிடியும் படுத்திருக்கும் நிலையும் சரியில்லை, அல்லது சத்தத்துக்குப் பயப்படுகிறான். நான்கு சேர்ந்து விழுந்து ஒன்று மட்டும் எங்கோ போயிருந்தால், பேப்பரைக் காட்டாமல் ‘எந்த ரவுண்டு போச்சு, எந்தப் பக்கம் போச்சு, சொல்லு’ என்று கேளுங்கள். சரியாகச் சொல்கிறவன் பாதி கற்றுக்கொண்டுவிட்டான். தன் தப்பு அவனுக்கே தெரிகிறது.

பயம் இருக்கிறதா என்று கேட்டால் எவனும் ஆமாம் என்று சொல்லமாட்டான். ரேஞ்ச் பொறுப்பில் இருக்கும் ஆபீசரிடம் அனுமதி வாங்கி, மேகசினில் நடுவே ஒரு டம்மி ரவுண்டை அவனுக்குத் தெரியாமல் போட்டுவையுங்கள். டம்மி வரும்போது சத்தம் இருக்காது. ஆனால் முனை கீழே இடித்தால், அவன் வெடிச் சத்தத்தை எதிர்பார்த்துத் தோளால் முந்துகிறான் என்று பொருள். இதை அவனே கண்ணால் பார்த்தால் நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவேண்டியதில்லை.

அதிகமாகச் சுடவைத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ரவுண்டு ஆளுக்கு இத்தனை என்று கணக்கு. பின்தங்கியவனுக்கு நூறு ரவுண்டு கூடக் கொடுக்க உங்களால் முடியாது. அதனால் ரேஞ்சுக்கு வெளியே, காலி ஆயுதத்தோடு, ஒவ்வொருவனும் தன் தப்புக்கு மட்டும் பழகவேண்டும். ட்ரிகரைப் பிடுங்குகிறவனுக்குப் பழைய வைத்தியம்தான்: ஃபோர்சைட் (முன்குறி) பக்கத்தில் பேரல் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை அழுத்தவேண்டும். மூச்சுப் பிரச்சினை உள்ளவனுக்கு நாணயம் எதற்கு? அவன் நூறு மீட்டர் ஓடிவந்து படுத்து, மூச்சை அடக்கிச் சிஸ்த் எடுக்க, அதாவது குறிபார்க்க, பழகட்டும். கன்னம் மாறுகிறவனை ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் அவன் பட்டி, அதாவது ஜோடிப் பையன், பார்த்துச் சொல்லட்டும். மொத்த ஸ்குவாடும் நாணயம் வைத்து அரைமணி உட்கார்ந்திருப்பதில் பத்துப் பேருக்குத்தான் பயன், மற்றவர்கள் தூங்காமல் இருக்கக் கஷ்டப்படுகிறார்கள்.

சிமுலேட்டர் இருக்கும் சென்டர் என்றால் அதில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள். ட்ரிகர் அழுத்துவதற்கு முன் முனை எப்படி நகர்ந்தது என்று பலவற்றில் கோடாகக் காட்டும். அந்தக் கோடுதான் உங்களுக்கு வேண்டியது.

இடது மாஸ்டர் கண் உள்ள வலது கைக்காரனுக்கு இரண்டு வழி. இடது தோளில் வைத்துச் சுடப் பழக்கலாம், அல்லது இடது கண்ணை மூடிப் பழக்கலாம். இன்சாஸ் போன்ற ரைபிளில் காலி கேஸ் வலது பக்கம் தெறிக்கும், இடது தோளில் வைப்பவனுக்கு அது முகத்துக்கு முன்னால் போகும். கொஞ்ச நாள் மிரளுவான். எதுவானாலும் இரண்டாவது வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் தோள் மாற்றினால் இரண்டும் இல்லாமல் போகும்.

ஓட்டம்

மொத்த ஸ்குவாடும் ஒரே வேகத்தில் ஓடுவது பார்க்க அழகு, பாட்டுப் பாடிக்கொண்டு போனால் இன்னும் அழகு. வாரத்தில் ஒரு நாள் அப்படி ஓடுங்கள், அதற்கு ஒற்றுமைப் பயன் உண்டு. மற்ற நாளில் அது முன்னால் இருப்பவனுக்கு வெறும் நடை, பின்னால் இருப்பவனுக்குத் தண்டனை. அமெரிக்கத் தரைப்படை ரொம்ப நாளாகவே ஓட்ட நேரத்தை வைத்துக் குழு பிரித்துத்தான் ஓடவைக்கிறது. 2.4 கிலோமீட்டர் நேரத்தை வைத்து நீங்களும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது ‘வீக் பார்ட்டி’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க நான் செய்தது: மெதுவான குழுவை முதலில் கிளப்புவேன், அப்புறம் நடுக்குழு, கடைசியில் வேகக்குழு. நேரத்தைக் கணக்குப் போட்டு விட்டால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேரும். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் துரத்தல், பின்னால் வருகிறவனுக்கு முன்னால் இலக்கு. எல்லாரும் ஒரே சமயத்தில் வரிசைகட்டி ஃபால் இன் ஆகலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நேரம் எடுத்து ஆளை மாற்றுங்கள், மாற்றாவிட்டால் குழு சாதி ஆகிவிடும். உஸ்தாத் மெதுவான குழுவோடு ஓடவேண்டும். வேகக்குழுவுக்கு ஒரு லான்ஸ் நாயக் போதும்.

உடல் தகுதி குறைவாக வருகிற ரெக்ரூட்களுக்குத்தான் காயம் அதிகம் என்பது பல நாட்டு ராணுவங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் வலி என்று ஒருவன் நொண்டினால், எலும்பு நெடுக விரலால் அழுத்திப் பாருங்கள். நீளமாகப் பரவிய வலி என்றால் ஓய்வும் தூரக் குறைப்பும் பெரும்பாலும் போதும். ஒரே ஒரு புள்ளியில் அழுத்தும்போது துள்ளினால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். அன்றைக்கே எம்.ஐ. ரூமுக்கு (மருத்துவ அறைக்கு) அனுப்புங்கள், ‘ஓடினா சரியாயிடும்’ என்ற வைத்தியம் வேண்டாம்.

அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2022 ஆகஸ்டில் தெற்கு கரோலினாவில் உள்ள ஃபோர்ட் ஜாக்சனில், உடல் எடையிலோ நுழைவுத் தேர்விலோ தரம் எட்டாதவர்களுக்கு அடிப்படைப் பயிற்சிக்கு முன்பே அதிகபட்சம் 90 நாள் தயாரிப்புப் பயிற்சி தொடங்கினார்கள். தரத்தை எட்டியவன் 90 நாள் காத்திருக்கவேண்டாம், எட்டியதும் பயிற்சிக்குப் போய்விடலாம். தரம் நிற்கிறது, நாள் நகர்கிறது. நம் சென்டரில் அந்த வசதி இல்லை, ஆனால் அந்த எண்ணத்தை ஒரு வாரத்துக்குள், ஒரு பீரியடுக்குள் சுருக்கிப் பயன்படுத்தலாம்.

புரிந்ததா என்று கேட்காதீர்கள்

எங்கள் ரெஜிமென்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் என்று நாலு மொழிப் பையன்கள். பாடம் இந்தியில். டிரில் கமாண்ட் ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும், அதற்கு இந்தி தெரியவே வேண்டாம். சிக்கல் வகுப்பில்தான். ‘சமஜ் கயே?’ என்று கேட்டால் முப்பத்தைந்து குரலும் ‘ஜி உஸ்தாத்!’ என்று கூரை அதிரச் சொல்லும். அதில் பத்துப் பேருக்கு ஒன்றும் ஏறியிருக்காது.

அதனால் கேட்காதீர்கள், செய்யச் சொல்லுங்கள். ஆயுதத்தின் பாகங்களை முதலில் தாய்மொழியில் பேசிக்கொண்டே பிரித்துச் சேர்க்கட்டும். கை பழகியபின் அதையே இந்தியில் சொல்லிக்கொண்டு செய்யட்டும். ரோமன் எழுத்தில் இந்தி படிப்பது ஆங்கிலம் தெரிந்தவனுக்குச் சுலபம், மற்றவன் தன் எழுத்திலேயே பாகங்களின் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும். பரீட்சையில் இந்தியில்தான் சொல்லவேண்டும் என்பது மாறாது.

ஜோடி சேர்ப்பதிலும் கொஞ்சம் யோசியுங்கள். பாரக்கில் பட்டி ஜோடி ஒன்றாகவே இருக்கட்டும், ஆனால் படிப்பு ஜோடியைப் பாடத்துக்குப் பாடம் மாற்றுங்கள். நன்றாகச் சுடுகிறவன் இந்தியில் தடுமாறுவான், கயிறு ஏறுவதில் திணறுபவன் மேப்பில் புலியாக இருப்பான். ஒவ்வொரு பையனுக்கும் அவன் உஸ்தாதாக நிற்கிற ஒரு விஷயம் இருக்கவேண்டும். தேடினால் கிடைக்கும். ஒருவனுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போய், கடைசியில் போர்வை மடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று கண்டுபிடித்தோம். அந்த வாரம் பாரக் முழுக்க அவனிடம் பாடம் கேட்டது.

மேப் ரீடிங் படிப்படியானது, அதனால் ஒரு படி நழுவினால் மேலே எல்லாம் நழுவும். நான்கு இலக்க கிரிட் (மேப்பில் இடத்தைச் சொல்லும் கட்ட எண்), ஆறு இலக்க கிரிட், ஸ்கேல், கான்டூர் (சம உயரக் கோடு), பேரிங் (திசைக் கோணம்) என்று ஐந்து அட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு அட்டையில் உள்ள பத்துக் கேள்வியும் சரியாகச் செய்தவனுக்குத்தான் அடுத்தது. முன்னால் போனவனை வெளியே அனுப்பி 1:50,000 மேப்பை எதிரே தெரியும் மலையோடு பொருத்தச் சொல்லுங்கள். கிரிட்டில் பாதிப் பேர் செய்யும் தப்பு ஒன்றுதான்: வடக்கு எண்ணை முதலில் படித்துவிடுவார்கள். அதற்கு வகுப்பு வேண்டாம், அவன் அட்டை மேல் பெரிதாக ஒரு அம்புக்குறி போதும், முதலில் குறுக்கே, பிறகு மேலே. கான்டூரில் ஊர் பேசும். வயநாட்டுப் பையனுக்கும் ஊட்டிப் பையனுக்கும் கோட்டைப் பார்த்தாலே மலை தெரியும். தஞ்சாவூர்ப் பையன் வாழ்நாளில் மலைச்சரிவில் நின்றிருக்க மாட்டான், அவனுக்குக் கோடு வெறும் கோடு. களிமண்ணில் ஒரு குன்று செய்து தொட்டியில் வைத்து, தண்ணீரை விரல் உயரம் விரல் உயரமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விளிம்பில் கோடு கிழிக்கச் சொல்லுங்கள். மேலே இருந்து பார்த்தால் கான்டூர் தானே தெரியும்.

நேரம் எங்கே

பீரியடில் முதல் 25 நிமிடம் எல்லாருக்கும் பொதுப் பாடம், மீதி 15 நிமிடம் நாலைந்து இடமாகப் பிரிந்து அவரவர் வேலை. உதவி உஸ்தாத்கள் ஆளுக்கொரு இடம். சாயங்காலம் கேம்ஸ் முடிந்தபின் இருக்கும் படிப்பு நேரம் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமையில் கைவைக்காதீர்கள். பையன் வீட்டுக்குப் பேசவேண்டும், துணி துவைக்கவேண்டும், தூங்கவேண்டும்.

சனிக்கிழமை உதவி உஸ்தாத்களோடு உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு விஷயம் முடிவு செய்யுங்கள். மூன்று கொடுத்தால் ஒன்றும் நடக்காது. கூடுதல் பயிற்சி வேறு, ரகடா (தண்டனை) வேறு என்பதையும் அவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். சரியாகச் சுடாதவனை ரைபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானம் சுற்றவிட்டால் அவன் தோள் நடுங்கும், அடுத்த குரூப் இன்னும் சிதறும்.

சரி, இயந்திரங்கள். அமெரிக்கக் கடற்படைக்காக அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா உருவாக்கிய ‘டிஜிட்டல் டியூட்டர்’ என்ற கணினிப் பயிற்சியில் 16 வாரம் படித்தவர்கள், பல வருட அனுபவமுள்ள டெக்னீஷியன்களைக் கணினிக் கோளாறு கண்டுபிடிப்பதில் முந்தினார்கள். 2018-ல் அமெரிக்க விமானப்படை டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் மெய்நிகர் கருவிகளோடு 20 பேரைச் சேர்த்து, அவரவர் வேகத்தில் போகவிட்டு, சுமார் ஆறு மாதத்தில் 13 பேரை விமானிகளாக்கியது. இரண்டும் நிஜம். டிஜிட்டல் டியூட்டரைச் செய்தவர்கள் முதலில் திறமையான ஆசிரியர்கள் ஒரு மாணவனோடு தனியாக உட்கார்ந்து எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கவனித்து, அதைத்தான் கணினியில் ஏற்றினார்கள். அந்த முதல் பாதியை நீங்கள் நோட்டோடு இன்றே செய்யலாம். கருவி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே எப்படிப் பேசுவது

கம்பெனி கமாண்டரிடம் ஆளுக்கேற்ற பயிற்சி என்று தத்துவம் பேசினால் ‘நல்லது, பார்ப்போம்’ என்று அனுப்பிவிடுவார். ஒரு ஸ்குவாட், ஒரு பாடம், ஒரு டெர்ம் மட்டும் கேளுங்கள். ஃபயரிங்கைக் கேளுங்கள், ஏனென்றால் அதில் முதல் வாரப் பேப்பரையும் கடைசி வாரப் பேப்பரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கலாம். கூடவே ஒரு நிபந்தனையை நீங்களே வையுங்கள்: பரீட்சையை வேறொரு உஸ்தாத் எடுக்கவேண்டும். சொல்லிக்கொடுத்தவனே மதிப்பெண் போட்டால் தரம் இறங்கிவிட்டதோ என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும், சில சமயம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும்.

எல்லாம் செய்தும் ஒருவன் தேறாமல் போவான். அடுத்த ஸ்குவாடுக்குப் பின்தள்ளி ரெலிகேட் செய்வது தவிர்க்க முடியாது என்றால் சீக்கிரம் செய்யுங்கள். நோட்டு ஒழுங்காக இருந்தால் ஆறாவது, ஏழாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். கடைசி மாதத்தில் திடீரென்று சொன்னால்தான் பையன் உடைகிறான். தனியாகக் கூப்பிட்டு, எது வரவில்லை, அடுத்த ஸ்குவாடில் எந்த இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்லுங்கள். அவன் சம்மதித்தால் அவனுடைய தாளைக் கிழித்து அந்த உஸ்தாத் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் முதல் பத்து நாளைத் திரும்பத் தொடங்குவார்.

தேறிப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கசம் பரேடுக்கு முந்தின வாரம் ஒவ்வொரு பையனையும் அரைத்தாளில் தானே எழுதச் சொல்லுங்கள்: எனக்கு எது சுலபமாக வருகிறது, எதற்குக் கூடுதல் பழக்கம் வேண்டும், எப்படிச் சொன்னால் சீக்கிரம் புரிகிறது. எந்த மொழியிலும் எழுதலாம். யூனிட்டுக்குப் போனதும் அதைத் தன் பிளட்டூன் ஹவில்தாரிடம் காட்டுவதும் காட்டாததும் அவன் இஷ்டம். காட்டியவர்களின் ஹவில்தார்கள் சிலர் எனக்கு போன் செய்து, இதை எல்லாப் பையன்களிடமும் வாங்கி அனுப்ப முடியாதா என்று கேட்டார்கள். முடியாது என்றேன், அது அவனுடைய தாள்.